தனியார் பள்ளிகளின் சந்தை ஆய்வு (பிரிட்டன்)

கட்டணம் வாங்கி நடக்கும் பள்ளிகள் சேர்க்கை, கட்டணம், போட்டி ஆகியவற்றைக் கணித்துத் திட்டமிடும் முறை. இங்கிலாந்து மாணவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே இப்பள்ளிகளில் படிக்கிறார்கள்; பள்ளிகள் கட்டணத்தையே நம்பியிருப்பதால், ஓர் இடம் காலியானாலும் வரவுசெலவில் தெரியும். பிள்ளைகள் எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள், விசாரித்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேராதவர்கள் எங்கே போனார்கள் என்பவை அடிப்படைத் தரவுகள். மூன்றாவதுதான் அதிகம் சொல்லும், கேட்கத்தான் சங்கடம்.

போட்டியாளரைத் துருவி அறிவதற்கும் எல்லை உண்டு. 2001 முதல் 2004 வரையிலான கல்வியாண்டுகளில் 50 பள்ளிகள், தாங்கள் உயர்த்த எண்ணியிருந்த கட்டணங்களை ‘செவனோக்ஸ் ஆய்வு’ என்ற அட்டவணை வழியே தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. ஆய்வு என்று பெயர். பெற்றோருக்கோ அது கண்ணில் படாத ஏற்பாடு. இது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று, அப்போது போட்டியைக் கண்காணித்த அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம் 2006இல் முடிவு செய்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு 10,000 பவுண்டு அபராதம். அக்காலத்தில் படித்த மாணவர்களின் நலனுக்காக 30 லட்சம் பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி.

2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின்மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அதில் எவ்வளவைப் பெற்றோர்மீது சுமத்துவது, எவ்வளவைப் பள்ளி தாங்குவது என்பதே இப்போதைய கணக்கு. கட்டணத்துக்கு அப்பால், வெளிநாட்டுக் கிளை பள்ளிகள் முன்பே கண்ட வருவாய் வழி: இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியின் பெயரில் பாங்காக்கில் 1998இலேயே பள்ளி திறக்கப்பட்டது.