யந்திரத்தின் தாளமும் மனிதனின் பெயரும்

கண்டிப் பெரஹரா நாட்களில் தலதா மாளிகையின் முன்றிலில் எழும் மேள முழக்கத்தைக் கேட்டு வியக்காதவர் இலர். அம்முழக்கத்தின் பின்னால் உள்ள உழைப்பின் வரலாற்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே. கண்டி இராச்சியத்தில் மேளம் அடித்தல் ஒரு சாதியின் மேற் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய இராசகாரியம் அது. ஆங்கில அரசு 1832இல் இராசகாரியத்தை ஒழித்தது. ஆயினும் விகாரை, தேவாலய நிலங்களைச் சார்ந்த ஊழியம் ஒழியவில்லை. 1870ஆம் ஆண்டின் சட்டம் ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியை மட்டுமே திறந்துவிட்டது.

ஐரோப்பாவிலும் இத்தகைய கட்டாய உழைப்பு இருந்தது. செக் மக்கள் அதனை 'ரொபோட்டா' என்றனர். ஆஸ்திரியப் பேரரசில் 1848இல் அம்முறை மடிந்தது, சொல் மடியவில்லை. 1920இல் கரெல் சாப்பெக் எழுதிய நாடகத்திலே, செயற்கை உழைப்பாளிகளுக்கு இடப்பட்ட 'ரோபோ' என்னும் பெயர் அச்சொல்லிலிருந்தே பிறந்தது. 1978இல் ஜேர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 'மனித யந்திரம்' எனப் பொருள்படும் இசைத்தட்டை மின்னிசைக் கருவிகளால் ஆக்கியபோது, தம்மையே ரோபோக்களாகச் சித்திரித்தனர். ஆலை யுகத்து மனிதனின் நிலையை அந்த வேடம் சுட்டியது எனலாம்.

நமக்கு அருகில் உள்ள சான்று இன்னும் கூர்மையானது. சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாத்தியம் வாசித்து வாழ்ந்த கலைஞர். இலங்கை வானொலியின் வழியே இந்தித் திரைப்பாடல்கள் நம் மலைநாட்டு வீடுகளிலும் ஒலித்த காலம் அது. பாடகரின் பெயரை அறிந்தோம். இசையமைப்பாளரின் பெயரை அறிந்தோம். வாத்தியக்காரரின் பெயரை யார் கேட்டார்கள்?

1982இல் அவர் தம் பெயரிலேயே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். டிஸ்கோ தாளத்துக்கு இசைந்த பத்து இராகங்கள் அதில் இருந்தன. நம் மோகனத்துக்கு நிகரான பூபாலி, இந்தோளத்துக்கு நிகரான மால்கௌன்ஸ் ஆகியனவும் அவற்றுட் சில. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளே அவருடைய குழு: ஒன்று தாளம் தந்தது; ஒன்று கீழ்ச்சுரத் தொடரை ஓட்டியது; ஒன்றில் அவர் இராகத்தை வாசித்தார். சந்தை அத்தட்டைப் புறக்கணித்தது.

கீழ்ச்சுரம் எழுப்பும் அக்கருவியும் சந்தையில் தோற்றதே. துணை வாத்தியக்காரர் இல்லாத கிற்றார்க் கலைஞருக்காகச் செய்யப்பட்ட அதன் உற்பத்தி 1984இல் நின்றது. பழைய பொருளாக மலிந்த அதனைச் சிக்காக்கோவின் கறுப்பின இளைஞர்கள் கையில் எடுத்தனர். 1987இல் அவர்கள் வெளியிட்ட இசை உலகெங்கும் புதிய நடன இசையாகப் பரவியது. அதே ஒலியைப் பம்பாயில் ஒருவர் ஐந்தாண்டுகள் முன்னரே எழுப்பியிருந்தார் என்பதை உலகம் அறிய, ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் 2010இல் அத்தட்டை மறுபதிப்புச் செய்ய வேண்டியிருந்தது. சரண்ஜித் சிங் 2015இல் காலமானார்.

யந்திரம் கலைஞனின் கையைப் பறிக்கும் என்போர் உளர். அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு; துணைக் கலைஞனின் இடத்தை நிரப்பவே அக்கருவிகள் வந்தன. ஆயினும் யந்திரம் வருமுன்னரே வாத்தியக்காரனின் பெயரை மறைத்துவிட்ட ஓர் அமைப்பு இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

நம் தோட்டங்களின் தப்பை நினைத்துப் பாருங்கள். விடியலில் அது தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது. காமன் கூத்தின் இரவில் அம்மக்களின் நெஞ்சத்தைப் பேசியது. தோலும் கோலும் ஒன்றே. காலையில் துரையின் ஆணைக்கு முழங்கியது, இரவில் மக்களின் விருப்பத்துக்கு முழங்கியது. மின்கருவிக்கும் இதுவே நியதி.

சரண்ஜித் சிங்கை ஓர் இசைத்தட்டு காப்பாற்றியது. தப்படித்த நம் முன்னோர்க்கு இசைத்தட்டு இல்லை. அவர்களை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். மாணவர்கள் விடுமுறையில் அவர்களிடம் சென்று பெயர்களையும் தாளங்களையும் எழுதிக்கொள்ளட்டும். கைத்தொலைபேசியிலே ஒலியைப் பதிந்துகொள்ளட்டும். யந்திரம் அப்பணிக்கும் உதவும்.