ஊழியமும் நட்பும்

'ரோபோ' என்னும் சொல்லை 1920-இல் தம் நாடகத்தின் வாயிலாக வழங்கியவர் செக் எழுத்தாளர் காரெல் சாபெக். அதனை எடுத்துக்கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசெப். நிலக்கிழாருக்குக் குடியானவர் செய்த கட்டாய உழைப்பே 'ரொபோட்டா'. கூலியில்லாத அத்தகைய வேலையைப் பழைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றனர்.

அதன் தலைநகராயிருந்த திருவனந்தபுரத்தில் இஸ்ரோ உருவாக்கிய விண்வெளி எந்திரப் பெண்ணோ, 2020-இல் 'வியோமமித்ரா' என்னும் பெயருடன் உலகுக்கு அறிமுகமானாள். வியோமம் வானம், மித்திரம் நட்பு.

தொல்காப்பிய நெறிப்படி மக்களே உயர்திணை. நாமோ எந்திரத்தை 'எந்திரன்' ஆக்கி, ஒரு விகுதியால் அஃறிணையை உயர்த்திவிட்டோம். அது தவறன்று. ஆயினும், பொறியை நட்பென்று போற்றும் நாக்கு, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்வந்து உழைக்கும் மனிதரை இழிபெயரால் அழைத்தல் தகுமோ? பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம்.