பரிந்துரையை மறுத்த நேர்மை: ஓமந்தூராரின் ஆட்சி, 1947–1949

பணியில் நேர்மை என்றவுடன் கையூட்டு வாங்காமையையே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். ஆனால் கையூட்டை வெறுக்கும் ஒருவரும், தமக்கு வேண்டியவருக்காக அதிகாரியிடம் ஒரு சொல் சொல்லிவைப்பதைக் குற்றமென எண்ணுவதில்லை. அதனை உதவி என்றே கொள்கிறார். இவ்வுதவியையும் நேர்மைக் கேடாகக் கண்டு மறுத்து, அதற்குரிய விலையையும் கொடுத்த ஒருவரின் வரலாறு மயிலம், திண்டிவனம் வட்டாரத்திற்கு உரியது. அவரே ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் உழவர் குடும்பத்தில் பிறந்த இவர், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த வால்டர் ஸ்கட்டர் பள்ளியில் பயின்றவர்; காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டவர்; வள்ளலார் நெறியில் தோய்ந்தவர். 1947 மார்ச் 23-ஆம் நாள், த. பிரகாசத்திற்குப் பின் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். முதலமைச்சருக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அதுவே. ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அம்மாகாணத்தில் அடங்கியிருந்தன.

அவர் பொறுப்பேற்ற காலத்தின் இயல்பை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். போர் முடிந்தும் கட்டுப்பாடுகள் முடியவில்லை. அரிசிக்குப் பங்கீடு, துணிக்குக் கட்டுப்பாடு, வாணிகத்திற்கு உரிமம் என எதற்கும் ஓர் அதிகாரியின் கையொப்பம் தேவைப்பட்டது. கையொப்பம் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் சிபாரிசும் நுழைந்தது. 1948 ஜனவரியில், தம் இறுதி உண்ணாநோன்பை அறிவித்த வேளையில், காந்தியடிகள் ஆந்திர முதுபெருந்தலைவர் கொண்டா வெங்கடப்பையாவின் கடிதமொன்றை நாட்டிற்கு வெளிப்படுத்தினார். சட்டமன்ற உறுப்பினர் சிலர் தம் செல்வாக்கைப் பயன்படுத்திப் பொருள் ஈட்டுவதையும், நீதிமன்ற நடவடிக்கைகளிலும் குறுக்கிடுவதையும், அதிகாரிகள் அச்சமின்றிக் கடமையாற்ற இயலாமையையும் அக்கடிதம் வேதனையோடு எடுத்துரைத்தது. அது சுட்டிய பகுதி ஓமந்தூராரின் ஆட்சிக்கு உட்பட்டதேயாகும்.

இச்சூழலில் அவர் மேற்கொண்ட நிலை எளியது, ஆயினும் கடினமானது. நியமனம், இடமாற்றம், உரிமம், காவல்துறை வழக்கு ஆகியவற்றில் கட்சியினர் தலையிடலாகாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். தம் கட்சியாரின் பரிந்துரைகளுக்கும் இணங்கவில்லை. ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம் (1947), மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு, ஜமீன் ஒழிப்புச் சட்டம் (1948) ஆகியவை அவர் ஆட்சியின் பேறுகள். எனினும் கட்சிக்குள் அவருக்குப் பகையைத் தேடித்தந்தது பரிந்துரை மறுப்பே எனலாம். உட்கட்சிப் பிரிவுகளும் அதனோடு சேர்ந்தன. 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் பதவி நீங்க, பூ. ச. குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஓமந்தூரார் பின்னர் வடலூரில் கல்விப் பணியிலும் அறப்பணியிலும் ஈடுபட்டு, 1970-இல் மறைந்தார்.

பரிந்துரையை ஏன் இத்துணைக் கடுமையாக மறுக்க வேண்டும்? அதனால் பயன்பெறுபவர் நம் கண்முன் நிற்கிறார். இழப்பவரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரிடத்திற்குத் தகுதியிருந்தும், அறிமுகம் இல்லாமையால் திருப்பியனுப்பப்பட்ட ஏழையின் பெயரை எவரும் அறியார். எனவே நாம் செய்ததாக எண்ணும் உதவி, உண்மையில் பிறருடைய பொருளை எடுத்து வழங்கிய கொடையாகிவிடுகிறது.

ஆயினும் முறையீடும் பரிந்துரையும் ஒன்றல்ல. அநீதிக்குள்ளான ஒருவருக்காக வாதாடுவது கடமை. அவ்வாதத்தை எவர் முன்னிலையிலும் வெளிப்படையாகக் கூறலாம். பரிந்துரையோ மறைவையே நாடுகிறது. வெளியே சொல்லக் கூடுமா என்னும் இக்கேள்வியே இவ்விரண்டையும் பிரித்தறிய நமக்குப் போதுமானது.

பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நிர்வகிக்கும் பொறுப்பு திருச்சபைக்கும் உண்டு. நியமனக் காலத்தில் குருமனையின் கதவைத் தட்டுவோர் பெரும்பாலும் நம் சபையாரும் உறவினருமே. அவர்களிடம் இல்லை என்று சொல்வது அன்பின்மையாகத் தோன்றும். சொல்பவர் தனிமைப்படவும் நேரும். நேர்மைக்குப் பதவி பரிசாகக் கிடைக்கும் என ஓமந்தூராரின் வரலாறு நமக்கு வாக்களிக்கவில்லை. பதவியை இழந்த பின்னும் செய்வதற்குப் பணி உண்டு என்பதையே வடலூரில் அவர் கழித்த ஆண்டுகள் காட்டுகின்றன.