'பேல்ஃபேஸ்' பத்திகள்: ஜேம்ஸ் ஏஜியின் 1949ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்து ஒரு மறுப்பு

அமெரிக்கத் திரை விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' இதழில் (5 செப்டம்பர் 1949) எழுதிய 'காமெடிஸ் கிரேட்டஸ்ட் எரா' கட்டுரையை ஓர் ஒப்பாரியாகப் படிப்பதே வழக்கமாகிவிட்டது. படம் பேசத் தொடங்கியது, கோமாளிகள் ஊமையானார்கள், ஏஜி அழுதார் என்பதுதான் அந்த வாசிப்பின் சாரம். அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. திரை பேச ஆரம்பித்ததும் மௌன நகைச்சுவையின் கதை ஏறக்குறைய முடிந்தது என்று ஏஜியே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. கட்டுரை முடியும் தறுவாயில், அப்போது ஓடி முடிந்து ஓராண்டுகூட ஆகாத பாப் ஹோப் படமான 'தி பேல்ஃபேஸ்'ஸை எடுத்து வைத்துக்கொண்டு அக்கக்காகப் பிரிக்கிறார். மௌனப்படக் கோமாளிகளான சாப்ளின், கீட்டன், லாயிட், லாங்டன் பற்றிய பகுதிகளை மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்ட ஆய்வாளர்கள் இந்தப் பத்திகளைப் பின்னிணைப்பைப் போலக் கடந்து போகிறார்கள். கட்டுரையின் வாதம் முழுவதும் இங்கேதான் தங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஏஜி எதை அளக்கிறார் என்று பார்க்க வேண்டும். கட்டுரை தொடங்குவதே சிரிப்பைத் தரம் பிரித்துத்தான்: வாய்க்குள் அடங்கும் சிரிப்பில் தொடங்கி, வயிறு குலுங்குவதைத் தாண்டி, ஆளையே வீழ்த்தும் சிரிப்புவரை நான்கு படிகள். கடைசிப் படிவரை தன்னை ஏற்றிவிட்ட படத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று வாசகர் தம்மையே கேட்டுக்கொண்டால், திரை நகைச்சுவையின் இன்றைய நிலை விளங்கிவிடும் என்பது அடுத்து வரும் கருத்து. ஆக, கேள்வி 1949ஐப் பற்றியது. 1920களுக்கு அவர் போவது ஒப்பிட ஓர் அளவுகோல் தேடித்தான். வரலாற்றுக் கட்டுரை என்று வகைப்படுத்தப்பட்டுவிட்ட இது, தொடக்கத்திலும் முடிவிலும் நடப்பு விமர்சனம்.

'தி பேல்ஃபேஸ்' 1948 டிசம்பரில் வெளியானது. கோழைப் பல்மருத்துவர் ஒருவர் துப்பாக்கி வீரராகத் தவறாகக் கருதப்படும் கதை. ஜேன் ரஸ்ஸல் உடன் நடித்தார். அதன் பாட்டு ஒன்றுக்கு ஆஸ்கர் கிடைத்தது. மட்டமான படம் ஒன்றைப் பிடித்து அடிப்பது ஏஜியின் உத்தியல்ல. தம் காலத்து நல்ல நகைச்சுவைப் படங்களில் ஒன்றாகவே இதை ஏற்றுக்கொண்டு, அப்புறம்தான் கத்தியை எடுக்கிறார். ஒரு வேடிக்கையை எழுப்பி, அதன்மேல் இன்னொன்றை ஏற்றி, அதற்கும் மேலே மூன்றாவதை நிறுத்தும் அடுக்கு இதில் இல்லை, வேகம் குலைகிறது, கைக்குக் கிடைத்த வாய்ப்புகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன. இவையே அவர் குற்றச்சாட்டின் சுருக்கம். படத்தைப் போட்டுப் பார்த்தால் இது வீம்புக்குச் சொன்னதல்ல என்று தெரியும். துப்பாக்கிச் சண்டைக்கு முன் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, ஹோப் அவற்றைக் குழப்பி உளறிக்கொண்டே தெருவில் நடக்கும் காட்சி உண்மையிலேயே நல்ல வேடிக்கை. ஆனால் அந்தக் குழப்பம் வாயிலேயே நின்றுவிடுகிறது. அத்தனை யோசனைகளும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டால் அந்த உடம்பு என்ன பாடுபடும் என்று கீட்டன் காட்டியிருப்பார்.

"பேச்சு கெடுத்தது என்றுதானே இதுவும் சொல்கிறது?" என்று வழக்கமான வாசிப்பின் ஆதரவாளர்கள் கேட்கலாம். இங்கேதான் கவனிக்கப்படாத ஒரு செய்தி உதவுகிறது. பேசும்படம் தந்த ஒரே பெரிய நகைச்சுவை நடிகர் என்று டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸை ஏஜி இதே கட்டுரையில் கொண்டாடுகிறார். அவருடைய 'இட்ஸ் எ கிஃப்ட்', 'தி பேங்க் டிக்' இரண்டையும் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களின் வரிசையில் வைக்கிறார். 1934இல் 'இட்ஸ் எ கிஃப்ட்'டை இயக்கியவர் நார்மன் இசட். மெக்லவுட். 'தி பேல்ஃபேஸ்'ஸை இயக்கியவரும் அவரேதான். இரண்டும் பேசும்படங்கள், இரண்டும் பாரமவுண்ட் தயாரிப்பு, இரண்டுக்கும் ஒரே இயக்குநர். ஒன்று உச்சியில் இருக்கிறது, மற்றது வீழ்ச்சிக்குச் சான்றாகிறது. அப்படியானால் ஏஜியின் கணக்கில் குற்றவாளி ஒலியாக இருக்க முடியாது. இந்த ஒற்றுமையை அவர் உணர்ந்து எழுதினாரா என்பதைக் கட்டுரையை வைத்துத் தீர்மானிக்க இயலாது. உணராமல் எழுதியிருந்தாலும் வாதத்தின் கணக்கு மாறாது.

பின் குற்றவாளி யார்? மௌன நகைச்சுவைப் படத் தயாரிப்பாளர் மேக் செனட்டின் கதை அறையை ஏஜி வருணிக்கும் இடத்தில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. வேடிக்கை எழுத்தாளர்கள் கூடியிருந்த அந்த அறையில், தொடர்பில்லாமல் எதையாவது உளறிப் பிறர் கற்பனையைக் கிளறிவிடுவதற்கென்றே ஓர் ஆள் இருந்ததாக எழுதுகிறார். நம்மூர்ப் பட நிறுவனங்களின் கதை விவாத அறைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஆளை அடையாளம் தெரியும். லாயிட் தம் படங்களை வெளியிடுமுன் பார்வையாளருக்குப் போட்டுக் காட்டி, சிரிப்பு விழாத இடங்களைத் திரும்பவும் எடுத்தார். சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்'ஸுக்குச் செலவிட்ட காலத்தில் மற்றவர்கள் பல படங்களை முடித்திருப்பார்கள். திருத்தவும் வீணாக்கவும் அன்று அவகாசம் இருந்தது. ஏஜி இழப்பு என்று கருதுவது இந்த அவகாசத்தையே என்று கொண்டால், ஃபீல்ட்ஸ் என்ற விதிவிலக்கும் 'பேல்ஃபேஸ்' பத்திகளும் ஒரே வாதத்தின் இரு பக்கங்களாகின்றன. சொந்தமாகக் கதை எழுதி, வசனத்தைத் தம் இஷ்டத்துக்கு வளைத்து, அந்த அவகாசத்தைப் பேசும்படத்திலும் பிடுங்கிக்கொண்டவர் ஃபீல்ட்ஸ்.

காலவரிசையும் இதற்கே துணை நிற்கிறது. கீட்டன் தம் சுதந்திரத்தை இழந்தது 1928இல் எம்.ஜி.எம். ஒப்பந்தத்தில். அதற்குப் பிறகும் அவர் 'தி கேமராமேன்', 'ஸ்பைட் மேரேஜ்' என இரண்டு மௌனப்படங்களில் நடித்தார். லாங்டனின் சரிவு 1927இலேயே தொடங்கிவிட்டது. லாயிடின் முதல் பேசும்படமான 'வெல்கம் டேஞ்சர்' (1929) வசூலில் வெற்றி பெற்றது. எஞ்சுபவர் சாப்ளின். அவர் 1936வரை ஒலிக்குப் பிடிகொடுக்கவில்லை. நால்வரையும் கொன்றது ஒலிவாங்கிதான் என்ற கதை எப்படி நிற்கும்?

லாங்டன் விஷயத்தில் ஏஜியிடமே எச்சரிக்கை தேவை. தம் பாத்திரத்தைத் தாமே புரிந்துகொள்ளாததால் லாங்டன் வீழ்ந்தார் என்ற விளக்கத்தை அவர் ஃபிராங்க் காப்ராவின் வாய்மொழியிலிருந்து பெற்றார். 'லாங் பேண்ட்ஸ்' முடிந்ததும் லாங்டன் வேலையை விட்டு அனுப்பிய இயக்குநர் அந்தக் காப்ராதான். 1944இல் இறந்துபோன லாங்டன் மறுத்துப் பேச வழியில்லை. 1949இல் காப்ராவோ ஹாலிவுட்டின் பெரும்புள்ளி. கோபத்தோடு பிரிந்த ஒருவரின் சாட்சியம் இதழின் அச்சில் ஏறி, பல பத்தாண்டுகள் வரலாறாக உலவியது. இந்தப் பகுதியை ஆதாரமாகக் கொள்வதைவிட, இதழ்கள் ஆதாரத்தை எப்படித் தேடுகின்றன என்பதற்கு உதாரணமாகக் கொள்வது மேல்.

ஏஜியின் சொந்த ஏக்கமே இந்தக் கட்டுரை என்பாரும் உண்டு. தந்தையோடு சாப்ளின் படம் பார்க்கப் போகும் சிறுவனோடு அவருடைய நாவல் தொடங்குவதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எழுதியவர் ஏன் எழுதினார் என்பதை அது விளக்கலாம். எழுதியது சரியா என்பதை விளக்காது.

வேறொரு மறுப்புக்குக் கனம் அதிகம். அந்த ஆண்டு அமெரிக்க நகைச்சுவையின் முக்கியச் செய்தி திரையரங்கில் நிகழவில்லை. 1949 மே 16 அன்று 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டின் அட்டையிலும் ஒரே நேரத்தில் மில்டன் பெர்ல் இருந்தார். முந்திய ஆண்டு தொலைக்காட்சியில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி, பெண் வேடமும் விழுந்து எழும் கூத்துமாகப் பழைய வாட்வில் மேடையைப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தது. உடம்பால் சிரிக்கவைக்கும் கலை செத்துவிடவில்லை, வீடு மாறியிருந்தது. கடல் கடந்து பார்த்தால் ழாக் தத்தியின் 'ழூர் த ஃபெத்' வந்த ஆண்டும், ஈலிங் நிறுவனத்தின் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' வந்த ஆண்டும் அதுவேதான். ஏஜியின் கண் ஹாலிவுட் திரையை விட்டு நகரவில்லை. தற்கால நிலையை எடைபோடும் இதழ்க் கட்டுரைகளுக்கு இந்தக் குறுகல் இன்றும் பழக்கமானதுதான்: தனக்குப் பழக்கமான மேடை வெறிச்சோடினால் கலையே போய்விட்டதாகத் தோன்றும். ஆனால் இந்தக் குறையும் ஒப்பாரி வாசிப்புக்கு உதவாது. தத்தியும் பெர்லும் ஒலியோடு வாழ்ந்தவர்கள்தாமே.

'பேல்ஃபேஸ்' பத்திகளுக்கு அந்தப் படத்தின் உள்ளிருந்தே ஒரு சாட்சி உண்டு. கதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிராங்க் டாஷ்லின் கார்ட்டூன் படங்களை இயக்கிப் பழகியவர். ஒரு வேடிக்கைக்கு எத்தனை சட்டகம் வேண்டும் என்று எண்ணத் தெரிந்தவர். தம் எழுத்தை மெக்லவுட் படமாக்கிய விதம் பிடிக்காமல்தான் தாமே இயக்குநராக முடிவுசெய்ததாக அவர் பிறகு சொன்னார். 1952இல் ஹோப்பை வைத்தே 'சன் ஆஃப் பேல்ஃபேஸ்' எடுத்தார். கார்ட்டூனின் வேகத்தில், அடுக்கின்மேல் அடுக்காக ஏறும் பேசும்படம் அது. அதற்குள் ஏஜி விமர்சனத்தை விட்டுத் திரைக்கதை எழுதப் போயிருந்தார். ஏஜியின் குற்றச்சாட்டும் டாஷ்லினின் மனக்குறையும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றனவா என்பதை இரண்டு 'பேல்ஃபேஸ்' படங்களையும் காட்சிவாரியாக ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.