மாலை வானில் புதன்

வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களுள் காண அரிதானது புதன். ஒளி குன்றிய கோள் என்பது இதற்குக் காரணமன்று. நல்ல நாட்களில் அது முதல்தர விண்மீன்களுக்கு ஈடாக ஒளிரும். ஆனால் சூரியன் மறைந்தபின் மேற்கு அடிவானத்தை ஒட்டி, செவ்வொளி கலையாத வேளையில்தான் அது கண்ணில் படும். வானம் நன்கு இருள்வதற்குள் அதுவும் மறைந்துவிடும்.

சூரியனைச் சுற்றும் புதனின் பாதை பூமியின் பாதைக்கு உள்ளே அமைந்தது. எனவே பூமியிலிருந்து பார்க்கையில் அது சூரியனைவிட்டு ஓர் எல்லைக்கு மேல் விலகுவதில்லை. அந்தப் பாதை நன்கு நீண்ட வட்டம். சூரியனிலிருந்து புதனின் தொலைவு 4.6 கோடி கிலோமீட்டர் முதல் 7 கோடி கிலோமீட்டர் வரை மாறும். ஆகவே அதன் பெரும விலகலும் ஒருமுறை 18 பாகை, மற்றொருமுறை 28 பாகை என வேறுபடுகிறது. வெள்ளி 47 பாகை வரை விலகும்.

சூரியனுக்குக் கிழக்கே விலகியிருக்கும் நாட்களில் புதன் மாலையிலும், மேற்கே விலகியிருக்கும் நாட்களில் விடியலிலும் தெரியும். கிரேக்கர் ஒரு காலத்தில் இவற்றை இரு வேறு கோள்களாகவே எண்ணி, விடியலில் தெரிவதை அப்பல்லோ என்றும் மாலையில் தெரிவதை ஹெர்மிஸ் என்றும் அழைத்தனர். ஒரு மாலைத் தோற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 116 நாட்கள் செல்லும். சூரியனுக்கு அப்பால் மறைந்திருந்த கோள் பெரும விலகலை எட்ட ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். அங்கிருந்து சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வந்துவிட மூன்று வாரமே போதும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரும விலகலுக்கு முன்னர் கோளின் ஒளிபெற்ற பக்கம் பெரும்பகுதி நம்மை நோக்கியிருக்கும்; பின்னர் அது பிறையாகத் தேய்ந்து நாளுக்கு நாள் மங்கும். எனவே தேடுவோர் பெரும விலகல் நாளுக்காகக் காத்திராமல், அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

விலகலின் அளவைவிட, சூரியவீதி (விண்மீன்களிடையே சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதை; கோள்களும் இதை ஒட்டியே நகரும்) அடிவானத்தோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் காட்சியைத் தீர்மானிக்கிறது. லண்டனில் மாலைச் சூரியவீதி மார்ச்சு மாதம் 62 பாகை வரை நிமிரும். செப்டம்பரில் 15 பாகைக்குச் சாய்ந்துவிடும். அவ்வளவு சாய்ந்த வீதியில் புதன் 27 பாகை விலகியிருந்தாலும் சூரியனோடு சேர்ந்தே இறங்கிவிடும். போலந்தில் வாழ்ந்த கோப்பர்நிக்கஸ், விஸ்துலா ஆற்றின் மூடுபனி புதனை மறைப்பதாகக் குறைப்பட்டு, தம் கணக்குக்கு நூரம்பெர்க் நகரத்தாரின் பதிவுகளையே பயன்படுத்தினார். பனியோடு அவர் இருந்த இடத்தின் வடக்கமைவும் அவருக்கு எதிராக நின்றது. சென்னையிலோ மார்ச்சில் சூரியவீதி ஏறக்குறையச் செங்குத்து. செப்டம்பரிலும் 53 பாகைக்குக் கீழே சாயாது. ஐரோப்பியக் கையேடுகளின் எச்சரிக்கைகள் பல தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பொருந்தாதவை. இங்கு ஏறத்தாழ ஒவ்வொரு மாலைத் தோற்றமும் பயன்படும், தடையாவது முகிலே. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும்.

மேற்கு வானம் அடிவரை திறந்திருக்கும் இடம் தேவை. இலங்கையில் மன்னார் முதல் கொழும்பு வரையிலான கரை இதற்கு மிக ஏற்றது. தென்காசி போன்ற மலையடிவார ஊர்களில் மேற்குத் தொடர்ச்சி மலையே தேவையான பாகைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்து அரை மணி கழிந்தபின், அது மறைந்த இடத்துக்கு மேலே தேட வேண்டும். கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் நிற்கும் கோளின் ஒளி, தலைக்கு நேர்மேலே இருப்பதைவிட ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனால் புதன் சற்றுச் செம்மஞ்சளாகவும், மற்றக் கோள்களைப் போலன்றி மினுக்கியும் தோன்றலாம். மூன்றாம் பிறை அருகில் நிற்கும் மாலை நல்ல வழிகாட்டி. பைனாகுலர் மிகவும் உதவும். ஆனால் சூரியன் முழுதும் மறைந்தபின்னரே அதைக் கண்ணில் வைக்கலாம். மறையாத சூரியன் ஒரு நொடி அதனுள் பட்டாலும் பார்வை போய்விடும்.

பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இந்தத் தோற்றத்துக்கும் மறைவுக்கும் அளவு தருகிறது. புதன் நேர்கதியில் (முன்னோக்கி நகர்கையில்) 14 காலப்பாகையிலும் வக்கிரகதியில் (பின்னோக்கி நகர்கையில்) 12 காலப்பாகையிலும் உதிக்கும், மறையும் என்பது அதன் விதி. ஒரு காலப்பாகை நான்கு நிமிடம். அதாவது சூரியனுக்குப்பின் 56 அல்லது 48 நிமிடம் கழித்து மறைய வேண்டும். வக்கிரத்தில் கோள் நமக்கு அருகில் வருவதால் சிறிய இடைவெளியிலும் தெரியும் என்று விதி கொள்கிறது. உண்மையில் அப்போது பிறை மெலிந்து ஒளி குறைவதால், மாலைக் கடைசி நாட்களில் அது முன்னதாகவே கண்ணைவிட்டு நழுவுகிறது. முதல் எண் மட்டும் இன்றும் நல்ல வழிகாட்டி.

தொலைநோக்கியில் புதன் நிலவைப்போல வளர்வதும் தேய்வதும் தெரியும்; இதை 1639இல் வானியலாளர் சூப்பி கண்டார். மேற்பரப்பைக் காண்பது அதைவிடக் கடினம். மிலானில் பகல்வானில் நோக்கிய வானியலாளர் ஸ்கியபரெல்லி, கோள் 88 நாளில் தன்னைச் சுற்றி எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்று 1889இல் அறிவித்தார். 1965இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடார் உண்மையான அளவு 59 நாள் என்று காட்டியது. பிழைக்குக் காரணம் அரிய காட்சிகளின் இடைவெளியே. மிலானில் நல்ல காட்சி மூன்று தோற்றங்களுக்கு ஒருமுறை, 348 நாளுக்குப்பின் திரும்பும். புதனின் ஆறு சுழற்சிகள் 352 நாள். ஆகவே நோக்கும்போதெல்லாம் ஏறத்தாழ அதே நிலப்பரப்பே அவர் முன் வந்து நின்றது.