வெறுங்கால் சலீம்: கிளாஸ்கோவில் இரண்டு ஆட்டம், கல்கத்தாவில் ஐந்து பட்டம்

குன்றத்தூரில் சாயங்காலம் பசங்க வெறுங்காலில் பந்து உதைக்கிறதைப் பார்த்தால் எனக்கு முகமது சலீம் ஞாபகம் வரும். 1936-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் கிளப்புக்காக வலது ஓரத்தில் ஆடிய கல்கத்தாக்காரர். பூட்ஸ் கிடையாது, பாதத்தில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். கால்ஸ்டன் அணியுடனான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று ஜெயித்தது.

அங்கே அவர் ஆடியது இரண்டே ஆட்டம். அதுவும் முதன்மை அணிக்காக அல்ல. ஊர் ஞாபகம் தாங்காமல் திரும்பிவிட்டார். இணையத்தில் பெரும்பாலும் கதை இதோட முடிஞ்சிடுது.

ஆனால் அவருடைய பெரிய சாதனை கல்கத்தாவில்தான் இருக்கு. கல்கத்தா லீக் பட்டத்தை அதுவரை பிரிட்டிஷ் பட்டாளத்து அணிகளும் வெள்ளையர் கிளப்புகளும்தான் ஜெயித்துவந்தன. 1934-ல் அதை வென்ற முதல் இந்திய அணி, சலீம் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங். 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணிக்கே பட்டம்.

வெள்ளைக்காரன் கைதட்டியதை மட்டும் வரலாறுன்னு எடுத்துக்கிட்டா, அவனை இங்கேயே ஜெயிச்ச கதை விட்டுப்போகும், இல்லையா?