ஜீப்பும் அதற்குக் காத்திருந்தோரும்

ஒரு பொருளின் சரித்திரத்தை அதை ஆக்கியவர்களைக் கொண்டு சொல்வது வழக்கம். அதன் வரவுக்காக வழி மேல் விழி வைத்திருந்தவர்களைக் கொண்டும் சொல்லலாம். கரடுமுரடான நிலத்தில் செல்லும் மோட்டார் வண்டியின் சரித்திரத்தை இந்த இரண்டாவது முறையில் காண்பதே இன்று நம் நோக்கம்.

2024 ஆம் ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி மஹிந்திரா நிறுவனம் 'தார் ராக்ஸ்' என்னும் ஐந்து கதவு வண்டியை அறிமுகம் செய்தது. அக்டோபர் 3 ஆம் நாள் முன்பதிவு தொடங்கிற்று. முதல் அறுபது நிமிடங்களில் பதிவானவை 1,76,218. மணலையும் சேற்றையும் பாறையையும் கடக்கவல்ல குடும்பத்தைச் சேர்ந்த வண்டி அது. பதிவு செய்துகொண்ட அத்தனை பேருக்கும் பாலைவனத்தில் அலுவல் இருந்திராது. அப்படியிருக்க, இந்த ஆவல் எங்கிருந்து வந்தது? விடை காண நாம் இரண்டாம் உலக யுத்த காலத்துக்குச் செல்ல வேண்டும்.

1940 ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், வேவு பார்க்கவும் வீரர்களை ஏற்றிச் செல்லவும் எடை குறைந்த வண்டி ஒன்று வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு எழுதிற்று. மாதிரி வண்டியை ஒப்படைக்க அது கொடுத்த அவகாசம் 49 நாட்களே. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியல் வல்லுநரைக் கொண்டு வரைபடம் தீட்டி, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்து மாகாணத்தின் ஹோலபேர்ட் முகாமில் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திற்று. ஆயினும் ராணுவம் கேட்ட எண்ணிக்கையை ஆக்கித்தரும் வலிமை அந்த நிறுவனத்துக்கு இல்லை. பெருவாரியான உற்பத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டின் கைக்குப் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 வண்டிகள் ஆயின.

அவ்வண்டியின் திறன் எதில் இருக்கிறது என்று கேட்கலாம். சாதாரணக் காரில் இயந்திரத்தின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. அவற்றுள் ஒன்று சேற்றில் வழுக்கினால், அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்ற அமைப்பினால் சுழற்சி முழுவதும் அந்த வழுக்கும் சக்கரத்துக்கே போய்விடும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜீப்பில் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம். அத்துடன் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தனிக் கியர் ஒன்றும் உண்டு. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருக்கும். இம்மூன்றும் சேர்ந்தால் பாதை இல்லாத இடமும் பாதையாகிறது.

'ஜீப்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிந்த முடிபாகவில்லை. மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் சொல்லுக்குச் சொல் தேடும் நமக்கு, தேடவே வேண்டாத சொற்களுள் இதுவும் ஒன்று. பஞ்சாபியிலும் வங்காளியிலும் மராத்தியிலும் தமிழிலும் ஜீப் ஜீப்தான்.

இந்தியாவில் இதன் கதை 1945 அக்டோபர் 2 ஆம் நாள் லூதியானாவில் தொடங்குகிறது. ஜே. சி. மஹிந்திரா, கே. சி. மஹிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதும் சேர்ந்து அன்று ஓர் எஃகு வாணிப ஸ்தாபனத்தை நிறுவினர். அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முகம்மது'. தேசப் பிரிவினை அந்தப் பெயரையும் பிரித்துவிட்டது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948 இல் ஸ்தாபனம் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று பெயர் மாறிற்று. அதற்குள், 1947 இலேயே, அமெரிக்காவிலிருந்து உதிரிகளாக வந்த வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து ஆக்கும் வேலை தொடங்கியிருந்தது. அன்றைய பம்பாயின் மஸ்காவ் பகுதி அதன் களமாயிற்று.

நம் நாட்டில் ஜீப்புக்குக் காத்திருந்த முதல் மக்கள் அதை வாங்க நினைத்தவர்கள் அல்லர். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது. அத்திட்டம் பரவப் பரவ, வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் கிராமத்தின் பார்வையில் சர்க்காரின் உருவமாகவே ஆகிவிட்டது. 'பி.டி.ஓ. ஜீப்' என்ற சொற்றொடரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இலர். கண்மாய்க் கரையில் புழுதி கிளம்பினால் ஊரே திரும்பிப் பார்க்கும். வருவது விதையாகவும் உரமாகவும் இருக்கலாம்; அம்மை குத்துபவராக இருக்கலாம்; ஜப்தி உத்தரவாகவும் இருக்கலாம். ஆவலும் அச்சமும் கலந்த காத்திருப்பு அது. வண்டியில் ஏறுபவர் ஒருவர். அதற்குக் காத்திருப்பவர் வேறொருவர்.

ராணுவத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை ஆக்கப்பட்ட நிஸான் ஜோங்கா, சிப்பாய்களின் வண்டியாகவே பெயர் பெற்றது. 1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸி கடைகளில் விற்கப்பட்டதாயினும், பெரும் புகழை ராணுவத்திலும் போலீஸிலும்தான் ஈட்டிற்று. சொந்தப் பணத்தில் வாங்கி, சொந்த விருப்பத்துக்காகக் காடும் மலையும் செல்வோர் சிறு கூட்டமாகவே இருந்தனர். பழைய ராணுவ ஜீப்பை ஏலத்தில் எடுத்துப் பழுது பார்த்து ஓட்டுவது அவர்களுடைய தவம்.

அமெரிக்காவில் 1968 உடன் நின்றுபோன ஜீப் வடிவம் ஒன்று, இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதன் வழித்தோன்றலாக 2010 அக்டோபரில் முதல் 'தார்' வெளிவந்தது. ஆர்வலர்கள் அதை ஆரத் தழுவினர். ஆனால் துணிக் கூரையும் குறைந்த வசதிகளும் கொண்ட அவ்வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்ல இயலுமா என்று வீட்டில் எழுந்த கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. ஆகவே கெட்டியான கூரை வேண்டும், தானே கியர் மாறும் வசதி வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தனர்.

2020 ஆகஸ்ட் 15 அன்று புதிய தார் மக்கள் முன் வைக்கப்பட்டது. விற்பனை அக்டோபர் 2 ஆம் நாள் தொடங்கிற்று. பெருந்தொற்றினால் நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஆண்டு அது. முதல் வண்டி இணையவழி ஏலத்தில் 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. தொகை அறப்பணிக்கு அளிக்கப்பட்டது. நான்கு நாட்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரையும் அது கடக்கும். அதே ஆண்டு மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. இவ்வண்டியை உருவாக்கிய பொறியியல் பணி செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது என்பதில் நமக்கும் ஒரு மகிழ்ச்சி. இத்தகைய வண்டிகளைச் சோதிப்பதற்கென்று 2021 இல் செய்யாறு அருகே பெரிய ஓடுகளம் ஒன்றும் திறக்கப்பட்டது. லூதியானாவில் பிறந்த ஸ்தாபனம், செங்கற்பட்டில் பொறியியல் பணி முடித்து, நாசிக்கில் ஆக்கி, ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறது!

அந்தப் பெயர் தமிழ்க் காதில் வேறு விதமாகவும் ஒலிக்கும். நமக்குத் தார் என்றால் சாலைக்கு இடும் கரும்பசை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், முன்பு ஜீப் ஒன்றே எட்டிய எத்தனையோ ஊர்களுக்குத் தார்ச் சாலையைக் கொண்டு சேர்த்துவிட்டது. சாலை இல்லாத காலத்தில் ஜீப் வேண்டியிருந்தது, சரி. சாலைகள் பெருகிய காலத்தில் அதன் மீது ஆசை பெருகுவானேன்?

நமக்குத் தோன்றும் விடை இதுதான்: அன்று மக்கள் யாரோ ஒருவர் வருவதற்காகக் காத்திருந்தனர், இன்று தாம் புறப்படுவதற்காகக் காத்திருக்கின்றனர். வண்டிக்காரனின் இருக்கை கைமாறிவிட்டது. எங்கு வேண்டுமானாலும் செல்லலாம் என்ற எண்ணமே, செல்லாதபோதும், மனிதனுக்கு ஒரு பலம். சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வந்து வாழ்கின்ற நம்மைப் போன்றோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் இருக்கை கைமாறியபோது பொறுப்பும் கைமாறியிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் ஒருவர் நெரிசலுக்கு அஞ்சிச் சந்திரா நதிக்குள்ளேயே வண்டியை இறக்கி ஓட்டினார். போலீஸார் அவர் மீது அபராத நடவடிக்கை எடுத்தனர். பாதையில்லாத இடம் என்பது ஆளில்லாத இடம் அன்று. அந்த ஓடை கீழேயுள்ள ஊரின் குடிநீர். அந்த மணல்மேடு ஒரு பறவையின் கூடு. அந்தப் புல்வெளி ஓர் இடையனின் மேய்ச்சல். பழைய ஜீப், குறைகள் பல இருந்தும், அங்கு வாழ்பவரை எண்ணியே பாதையற்ற இடத்துக்குச் சென்றது. புதிய வண்டிக்காகக் காத்திருக்கும் அன்பர்கள் அதன் விசையையும் உயரத்தையும் கேட்டறிவது போலவே, செல்லும் இடத்தில் யார் வாழ்கிறார் என்பதையும் ஒரு முறை கேட்டறிதல் நன்று.